கொடுக்கிற வாடகை

என் மனைவியோடு கடைக்குப் போவதைப் போன்ற தண்டனை வேறு கிடையாது. ஊரில் எல்லாரும் ரொட்டி வாங்கப் போனால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இவள் ரொட்டியை எடுப்பாள், திருப்புவாள், உறையின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் எடையைப் படிப்பாள். அத்தோடு விட்டாளா? காய்கறிப் பக்கம் இருக்கும் தராசில் கொண்டுபோய் வைத்து, போட்டிருப்பது நிஜம்தானா என்று பார்ப்பாள். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போவாள். வாங்க மாட்டாள். கடைக் காவலாளி எங்கள் பின்னாலேயே வருவார். நான் எனக்குச் சம்பந்தமில்லாத சோப்புத்தூளை ஆராய்ச்சி செய்வதுபோல் நின்றுகொண்டிருப்பேன்.

அவள் தொழில் அது. விலை எடுப்பது. பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் கம்பெனிகள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆளை அனுப்பும்போது, போகிற இடத்தில் குடும்பம் நடத்த என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்வதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு இந்த ஊரில் விலை எடுத்துக் கொடுப்பவள் இவள். எந்த ஊரானாலும் அதே பால், அதே சோப்பு, அதே அளவு ரொட்டி, அதே மாதிரி வீட்டின் வாடகை. எங்கேயோ முன்பின் தெரியாத ஓர் ஊரில் இவளைப் போலவே ஒருத்தி இந்த நேரத்தில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அவள் புருஷனும் சோப்புத்தூள் பக்கம்தான் நிற்பான்.

நான் லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். என் சம்பளத்தோடு, வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் சேர்த்து வீட்டுப்படி என்று ஒரு தொகையைக் கம்பெனி தருகிறது. அந்தப் படி எவ்வளவு என்பது, என் மனைவி எடுத்துக் கொடுக்கும் விலைகளை வைத்துத்தான் முடிவாகிறது. நான் மட்டுமில்லை, எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் பாதிப் பேரின் படியும் அப்படித்தான். இது யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது, அது அவள் வேலையின் நிபந்தனை. அக்கம்பக்கத்தில் அவள் ஏதோ கடைகளுக்கு விளம்பர வேலை செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு நிபந்தனை, தன் வீட்டையோ தன் கட்டடத்தையோ கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டையும் அவள் கல்லில் செதுக்கியதுபோல் கடைப்பிடித்தாள்.

வாடகை என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதற்கு முன் இருந்த ஊரில் ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் வாடகை ஏறும், நாங்கள் ரயிலில் ஒரு நிலையம் தள்ளிப் போவோம். கடைசியாக இருந்த வீட்டுக்கு அப்பால் ரயிலே கிடையாது. என் கூட வேலை பார்த்த ஒருவனை வேறொரு நாட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் அன்றைக்கு மூன்று அறை வீட்டுக்குக் கொடுத்ததை அவன் இன்றைக்கு ஓர் அறைக்குக் கொடுக்கிறானாம், அதிலும் குளியலறை பொதுவாம். அப்படியெல்லாம் அலைந்துவிட்டு இங்கே வந்தபோதுதான் எங்களுக்கு மனிதர் குடியிருக்கும்படியான வீடு அமைந்தது. எட்டாவது மாடியில் மூலை வீடு. மகளுக்குத் தனி அறை. நீளமான பால்கனி. அதில் என் மனைவி வளர்த்த சிவப்புப் பூக்கொடி கம்பி முழுக்கப் படர்ந்து பக்கத்து வீட்டுக்கும் எட்டிப் பார்த்தது.

போன தடவை எல்லாருக்கும் படி ஏறியது. அதற்குக் காரணம் இவள்தான். கடைகளில் எல்லாம் விலை ஏறவே இல்லை, பழைய விலைதான். ஆனால் ரொட்டி இளைத்திருந்தது. பால் பாட்டிலின் அடியை உள்பக்கமாகக் குழித்திருந்தார்கள். பார்த்தால் தெரியாது, தூக்கினால் தெரியும். இவள் கடை கடையாக ஏறி இறங்கி எடை போட்டு எழுதி அனுப்பினாள். படி ஏறிய செய்தி வந்ததும் எங்கள் மாடியில் எதிர்வீட்டில் இருக்கும் கணக்கர் கேக் வாங்கி வெட்டினார். தன் கம்பெனி மேலதிகாரி தங்கமானவர் என்று ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினார். என் மனைவி கைதட்டினாள்.

இந்த வருஷம் காற்று மாறியது. அதை முதலில் கண்டுகொண்டவன் நான்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஊரில் இருந்த ஒரு பெரிய கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. நான் பராமரிக்கும் உயரமான கட்டடங்களில் லிஃப்ட்டுகள் சும்மா நிற்க ஆரம்பித்தன. காலையில் பள்ளிக்கூட நேரத்தில் கதவு மூட முடியாத அளவுக்குப் பிதுங்கும் லிஃப்ட்டில் நான் ஒருத்தனே கண்ணாடியில் மீசையைத் திருத்திக்கொண்டு இறங்கினேன். வீடுகள் காலி. ஆனால் வீட்டு விளம்பரங்களைப் பார்த்தால் வாடகை இம்மியும் இறங்கவில்லை. இது எப்படி என்று என் மனைவி குழம்பினாள். குடியிருப்பவர்களைக் கேட்டாலும் அதே பழைய வாடகையைத்தான் சொன்னார்கள், ஒப்பந்தத்தையும் எடுத்துக் காட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கட்டடத்தின் சொந்தக்காரர் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார். உச்சியில் தனியாக ஒரு வீட்டில் குடியிருப்பதால் அவரை எல்லாரும் மேல்மாடி என்போம். நம் மொழிக்காரர்தான். அவர் தாத்தா காலத்திலேயே இங்கே வந்து வேரூன்றிய குடும்பம். சட்டை கசங்காமல் உட்காருவார், குரல் உயராமல் பேசுவார்.

"தம்பி, ஒப்பந்தம் முடியுதில்ல? பழைய வாடகையே இருக்கட்டும்," என்றார்.

வெளியே எல்லாம் காலியாகக் கிடக்கிறதே, குறைக்கக் கூடாதா என்று இழுத்தேன்.

"குறைக்காமலா? வருஷத்துல ரெண்டு மாச வாடகையை உங்க கையில திருப்பிக் குடுத்துடறேன். பேப்பர்ல மட்டும் பழைய வாடகையே இருக்கட்டும். உங்க கம்பெனி குடுக்கறதக் குடுக்கட்டுமே. உங்களுக்கும் லாபம், எனக்கும் கட்டடத்தோட மதிப்பு இறங்காது. யாருக்கு என்ன நஷ்டம்?"

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லிஃப்ட்டில் இறங்கும்போதே மனதுக்குள் புது சோபா வாங்கியாயிற்று, பழையதை யாருக்குக் கொடுப்பது என்றுகூட முடிவு செய்தாயிற்று. கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அப்ப நம்ம வாடகை எவ்வளவு?"

"அதேதான்."

"அது எழுதற வாடகை. குடுக்கற வாடகை?"

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. விலை எடுப்பவளிடம் போய் விலையைச் சொல்லியிருக்கிறேன். உலகத்தில் எந்தப் புருஷனும் செய்யாத காரியம். சொந்தச் செலவிலேயே சூனியம் வைத்துக்கொண்டு, அதைப் புது சோபாவில் உட்கார்ந்து கொண்டாட நினைத்திருக்கிறேன்.

"எல்லாக் கட்டடத்துலயும் இப்படித்தானா?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியும். உங்க மொகத்துலயே தெரியுது. ஏங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உங்க ஆபீஸ்ல இதச் சொல்லிடுங்க."

நான் சொல்லவில்லை. கையெழுத்தும் போடவில்லை. அடுத்த வாரம் வருகிறேன், அடுத்த வாரம் வருகிறேன் என்று மேல்மாடிக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் வீட்டில் நான் பேசியதைவிடப் பாத்திரங்கள் அதிகம் பேசின.

எங்களுக்குப் பழக்கமான ஒரு நர்ஸ் வாராவாரம் எங்கள் வீட்டுக்கு வருவாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சலவைக் கடை மாடியில், ஒரே அறையில் மூன்று பெண்களோடு தங்கியிருந்தாள். அவளுக்கு வீட்டுப்படி கிடையாது. தாங்களாகவே இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வெறும் சம்பளம்தான், வெளியிலிருந்து அனுப்பப்பட்ட எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்த ராஜ மரியாதை. அந்த அறையில் எந்நேரமும் யாராவது ஒருத்தி இரவு வேலை முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள். குரலெடுத்துப் பேச முடியாது. அதனால் விடுமுறை நாளில் எங்கள் பால்கனிக்கு வந்து, ஊரில் தன் தங்கையிடம் வளரும் மகளோடு ஃபோனில் முகம் பார்த்துப் பேசுவாள். அவள் பேசும்போது நாங்கள் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்போம். அம்மாவும் மகளும் சிரிக்கும் சத்தம் மட்டும் வரும்.

அன்றைக்குச் சிரிப்புச் சத்தம் வரவில்லை. உள்ளே வந்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"தங்கச்சிக்கு வேற நாட்டுல வேல கெடச்சிருக்கு அக்கா. லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள பாப்பாவ இங்க கூட்டிட்டு வரணும். இல்லன்னா ஹாஸ்டல்தான்."

"கூட்டிட்டு வா. அதுக்கென்ன?" என்றேன் நான், ஏதோ நான் அனுமதி தர வேண்டியவன்போல்.

குழந்தையை வரவழைக்க வேண்டுமென்றால் அவள் பெயரிலேயே ஒரு வீட்டு ஒப்பந்தம் வேண்டும். அதில் எழுதியிருக்கும் வாடகை அவள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இந்த ஊர் விசா அலுவலகத்தின் சட்டம் அது. எங்கள் கட்டடத்திலேயே இரண்டாவது மாடியின் பின்பக்கம் ஒரு சின்ன வீடு மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. அதைக் கேட்டு மேல்மாடியிடம் போயிருக்கிறாள்.

"ரொம்ப நல்ல மாதிரியாத்தான் பேசினாரு. நாலு மாச வாடகையத் திருப்பித் தர்றேன்னாரு அண்ணா. அப்படிப் பாத்தா எனக்குக் கட்டுப்படியாவும். ஆனா பேப்பர்ல குறைச்சு எழுத முடியாதாம். ஒரு வீட்டுக்குக் குறைச்சா எல்லாரும் கேப்பாங்களாம். நான் அந்தப் பேப்பரத் தூக்கிட்டு விசா ஆபீஸுக்குப் போனேன். இந்தச் சம்பளத்துல இந்த வாடகை குடுத்துட்டு கொழந்தைக்கு என்னத்தப் போடுவேன்னு கேட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

கையிலிருந்து அவ்வளவு போகாது, காகிதத்தில்தான் அவ்வளவு என்பதை எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது? அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை என் மனைவி விலை எடுக்கக் கிளம்பியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்க பாரு. எப்பவும் கேக்கறதக் கேளு. 'வாடகை எவ்வளவு'ன்னு கேளு, அவங்க சொல்றத எழுது. திருப்பிக் குடுக்கற விஷயத்த நீ ஏன் கேக்கணும்? உன்ன யாரு கேக்கச் சொன்னா?"

"தெரியாம கேக்காம இருந்தா அது வேற. தெரிஞ்சப்பறம் கேக்காம இருந்தா அது பொய்தானே?"

"குறைச்சு எழுதினா நம்ம படி குறையும். இந்த வீடு போயிடும். உம் பொண்ணு ரூம் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"நர்ஸுக்காகப் பண்றியா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலை மூட்டியது.

"போன தடவ ரொட்டிய எட போட்டேனே, அது யாருக்காகப் பண்ணேன்? ரொட்டி எளச்சிருந்தது, எளச்சிருக்குன்னு எழுதினேன். இப்ப வாடகை எறங்கியிருக்கு. நாளைக்கு நர்ஸுக்குக் கெடுதல் வர்ற மாதிரி ஒரு வெல இருந்தாலும் நான் அதத்தான் எழுதுவேன். வண்டிய எடுக்கறீங்களா, நான் பஸ்ல போகட்டுமா?"

வண்டியை எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்வது?

அன்றைக்கு அவள் வேலை செய்ததை நான் கிட்ட இருந்து பார்த்தேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் குழாயைத் திறப்பாள். தண்ணீர் எப்படி விழுகிறது என்று பார்ப்பாள். ஜன்னல்களை எண்ணுவாள், அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று குறித்துக்கொள்வாள். லிஃப்ட் வேலை செய்கிறதா என்று என்னைக் கேட்காமல் தானே ஏறிப் பார்ப்பாள். தன் அடையாள அட்டையைக் காட்டி, எந்த வீட்டின் விவரமும் தனியாக வெளியே போகாது என்று சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்பாள். இத்தனை நாளும் "வாடகை எவ்வளவு?" என்பதுதான் கேள்வி. அதற்கு எல்லாரிடமும் ஒரு மனப்பாடப் பதில் தயாராக இருந்தது. அன்றைக்குக் கேள்வியை மாற்றினாள்.

"வருஷத்துல எத்தன மாசம் நீங்க வாடகை குடுக்கல?"

முதல் வீட்டில் குடியிருந்தவர் தொந்தியும் தொப்பையுமாக இருந்தார். முகம் சிவந்துவிட்டது. "குடுக்கலையா? யாரப் பாத்துக் கேக்கறீங்க? நான் ஏமாத்தறவன் இல்ல. ஓனர் ரெண்டு மாசம் தர்றேன்னுதான் ஆரம்பிச்சான். பேசிப் பேசி மூணுக்குக் கொண்டுவந்தேன். கார் நிறுத்தற எடமும் சும்மா. எம் பொண்டாட்டியக் கேட்டுப் பாருங்க."

அவர் மனைவி உள்ளிருந்து வந்து, வாஷிங் மெஷினும் வாங்கிக் கொடுத்ததாகச் சேர்த்துக்கொண்டாள். பேரம் பேசி ஜெயித்தவன் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான் என்பது எனக்கும் தெரியும், நானே செருப்போடு சமையலறைக்கு ஓடியவன்தானே. அதற்குப் பிறகு போன வீடுகளில் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். எனக்கு மேல்மாடி இரண்டு மாதம்தான் சொன்னார் என்பதை நினைத்து எனக்கே வயிறு எரிந்தது. ஊர் முழுக்கக் காகிதம் ஒரு வாடகையிலும் மனிதர்கள் இன்னொரு வாடகையிலும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை தூரம் என்று கேட்க இவள் ஒருத்திக்குத்தான் தோன்றியது. அவளோடு படியேறிப் படியிறங்கி எனக்குக் கால் வீங்கிவிட்டது. அவள் கடைசி வீட்டிலும் முதல் வீட்டில் திறந்ததைப் போலவே குழாயைத் திறந்து பார்த்தாள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மாதிரி மரியாதை வந்ததில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல், பசிக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அவள் நிறுவனத்தின் முடிவு வந்தது. எல்லாக் கம்பெனிகளிலும் வீட்டுப்படி குறைந்தது. அன்று மாலை எதிர்வீட்டுக் கணக்கரும் இன்னும் இரண்டு குடும்பங்களும் எங்கள் வீட்டில் கூடினார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல் வரிசையாக உட்கார்ந்தார்கள். என் மனைவி தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள்.

"எவனோ ஒருத்தன் ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு எழுதறான் தங்கச்சி," என்றார் கணக்கர். "அவனுக்கு வாடகைன்னா என்னன்னு தெரியுமா? புள்ள குட்டி இருக்குமா அவனுக்கு? நம்ம வயித்துல அடிச்சானே, அவன் குடும்பம் நடுத்தெருவுல நிக்கணும்."

"சக்கர போதுமாண்ணா?" என்றாள் என் மனைவி.

"இன்னொரு ஸ்பூன் போடும்மா. என்ன சொல்றீங்க சார், நீங்க பேசாம இருக்கீங்க?"

எனக்கு ரத்தம் கொதித்தது. இதே வாய்தானே அன்றைக்குக் கேக்கை அடைத்துக்கொண்டு மேலதிகாரியைப் புகழ்ந்தது? எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் தட்டை என் மடிமேல் வைத்தாள். பிஸ்கட் நிறைந்த தட்டு. மடிமேல் தட்டை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "உனக்கு வலிக்கவே இல்லையா?"

"வலிச்சது." கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "ஏறினப்ப யாருக்கும் என் ஞாபகம் வரல. எறங்கினப்பவாவது வந்துதே."

சிரித்தாள். ஆனால் மறுநாள், மகளின் கட்டில் எந்த அறையில் நுழையும் என்று நாடா பிடித்து அளக்கும்போது, அந்த நாடாவைக் கையில் வைத்தபடியே அழுததை நான் பார்த்தேன். கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். தெரியாமல் செய்ய யாராலும் முடியும்.

அதன் பிறகு மேல்மாடியின் வீட்டு மணி ஓயவில்லை. படி குறைந்துவிட்டதால் பழைய வாடகையை எழுதிக்கொண்டு போனால் கம்பெனிகள் ஒப்புக்கொள்ளாது. காகிதத்தை மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் காலி செய்கிறோம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் போய் நின்றார்கள். தொந்தியும் தொப்பையுமாக இருந்தவர் போன்றவர்கள் எல்லாக் கட்டடங்களிலும் அதையே செய்தார்கள். மேல்மாடி சில நாள் அசையாமல் இருந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் உண்மையான வாடகையை எழுத ஆரம்பித்தார். மூலை வீடுகளுக்கு மட்டும் அவ்வளவாக இறக்க மனம் வரவில்லை. அதனால் எங்கள் வீடு எங்கள் புதுப் படிக்கு எட்டவில்லை. அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு பின்பக்க வீட்டுக்கு இறங்கி வந்தோம். ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும்போது இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், எழுதியிருந்ததும் கொடுப்பதும் ஒன்றாகவே இருந்தன. மகள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் அறையில் பாதி ஜன்னல்தான், மீதிப் பாதி பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பால்கனி கிடையாது. பூக்கொடியைக் கம்பியிலிருந்து பிரிக்கப் பார்த்தால் தண்டெல்லாம் முறிந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரம் நர்ஸ் எங்களைக் கூப்பிட்டாள். இரண்டாவது மாடி, பின்பக்கம். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சின்னச் சமையலறை. வாசலிலேயே நின்றிருந்தவள் நேரே எங்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள்.

"பாப்பா நேத்துதான் வந்தா அக்கா. உள்ள பை பிரிச்சுக்கிட்டிருக்கா. எல்லாம் மேல்மாடி ஐயா புண்ணியம். நான் கேக்கக்கூட இல்ல, அவரே கூப்பிட்டு பேப்பர்ல குறைச்சு எழுதிக் குடுத்தாரு. விசா ஆபீஸ்ல ஒரு கேள்வி கேக்கல. தெய்வம் மாதிரி மனுஷன்."

எனக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தெய்வமா? அந்தக் கசங்காத சட்டையா? வாயைத் திறந்தேன். என் மனைவி நகர்ந்து வந்து என் பாதத்தின்மேல் தன் பாதத்தை வைத்து அழுத்தினாள்.

"நல்ல மனுஷர்தான்," என்றாள்.

பிறகு பழக்க தோஷம், நின்ற இடத்திலிருந்தே எட்டிச் சமையலறைக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கனமாக விழுந்தது. ஜன்னல் இருக்கும் பக்கம் பார்த்தாள்.

"வாடகை எவ்வளவு? சும்மாதான் கேக்கறேன்."

நர்ஸ் சொன்னாள்.

"அது எழுதியிருக்கறது. கையில குடுக்கறது?"

நர்ஸுக்குக் கேள்வி புரியவில்லை. "அதேதான் அக்கா. எழுதியிருக்கறதத்தானே குடுக்கணும்?"

என் மனைவி குழாயை மூடினாள். "தண்ணி நல்லா வருது," என்றாள்.

அப்போது அறைக்குள்ளிருந்து அந்தக் குழந்தை வந்தது. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தது. ஃபோனில் நாங்கள் ஓரமாக எப்போதாவது தலைகாட்டியிருப்போம் போலிருக்கிறது, அடையாளம் தெரிந்துகொண்டது.

"ஆன்ட்டி, உங்க பால்கனி எனக்குத் தெரியும். செவப்புப் பூவா இருக்குமே! அம்மா எப்பவும் அங்கதான் நிப்பாங்க. வாங்க, அதப் பாக்கப் போலாம்."

"அந்த வீட்ட விட்டுட்டோமே கண்ணு," என்றாள் என் மனைவி.

குழந்தையின் முகம் வாடியது. "அவ்வளவு நல்ல வீட்ட ஏன் விட்டீங்க?"

நர்ஸும் எங்களைப் பார்த்தாள். நாங்கள் மூன்றாவது மாடிக்கு வந்தது அவளுக்குத் தெரியும், ஏனென்று தெரியாது. எங்களைப் போன்றவர்கள் வாடகைக்காக வீட்டை விட்டு இறங்குவார்கள் என்று அவள் நினைத்தே பார்த்திருக்க மாட்டாள். சொல்லட்டுமா என்று என் மனைவியைப் பார்த்தேன். அவள் குனிந்து குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

"வாடகை கட்டுப்படியாகலம்மா," என்றாள்.

என் பாதத்தின்மேல் இருந்த தன் பாதத்தை அவள் இன்னும் எடுக்கவில்லை.